ஆறேகால் பஸ்ஸில் ஒரு பேய்க்கதை

இரும்பை அவர் நம்பவே மாட்டார். லேத்திலிருந்து வந்த ஒரு பின்னை, அதைக் கடைந்தவன் இருபது வருட அனுபவசாலியாகவே இருக்கட்டும், மைக்ரோமீட்டரில் மூன்று இடங்களில் பிடித்துப் பார்த்த பிறகுதான் முத்திரை குத்துவார். பெங்களூரில் நாங்கள் வேலை பார்த்த அந்த அரசாங்கத் தொழிற்சாலையின் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் அவர் திருப்பி அனுப்பிய சரக்குக்காக யாரும் சண்டை போட்டதில்லை. அவர் அளந்தால் அளந்ததுதான். மனிதர்கள் விஷயத்தில்தான் அவரிடம் எந்தக் கருவியும் இல்லை. எதிரே நிற்பவன் கண்ணைப் பார்த்துச் சொல்லிவிட்டால் போதும், அதற்கு மேல் விசாரணை கிடையாது.

டூல் ரூமில் ஒருவன் இருந்தான். லீவுக்காகத் தன் அம்மாவை ஒரே வருடத்தில் இரண்டு முறை சாகடித்தவன். இரண்டு முறையும் இவர் போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டு துக்கம் விசாரித்தார். இரண்டாவது தடவை எங்களுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது. "ஒரு அம்மாவுக்கு எத்தனை சாவு சார்?" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"அவன் அழுதானேப்பா. கண்ணுல தண்ணி வந்துச்சே, நான் பாத்தேனே. அது இன்னாத்துக்கோ நெஜமாத்தான் வந்திருக்கும்" என்றார்.

இப்படிப் பேசுகிறவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கேலி செய்வோமே தவிர உள்ளுக்குள் அவரிடம் ஒரு மரியாதை இருந்தது. அதற்குக் காரணம் தொண்ணூற்றொன்றில், காவிரிக் கலவரம் வந்த அந்த டிசம்பர். நான் டைம் ஆபீஸில் கிளார்க்காகச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. தமிழ்க்காரர்கள் எல்லோரும் தொழிற்சாலைக்குள்ளேயே தங்கிவிடுவது என்று முடிவு செய்து கேட்டருகே கும்பலாக நின்றிருந்தோம். தமிழர்கள் அதிகம் இருந்த ஸ்ரீராம்புரத்திலிருந்து வீடு எரிந்தது, கடை எரிந்தது என்றே செய்தி வந்துகொண்டிருந்தது. எங்கள் பஸ் டிரைவர் மண்டியா பக்கத்துக் கன்னடக்காரர். வண்டியைக் கொண்டுவந்து இவர் முன்னால் நிறுத்தி, "நானித்தீனி, பன்னி சார்" என்றார். நான் இருக்கிறேன், வாருங்கள். அவ்வளவுதான் சொன்னார். "அவரே சொல்றாரு இல்ல, இருக்கேன்னு" என்று இவர் ஏறி உட்கார்ந்துவிட்டார். மனைவி இறந்து பல வருடம் ஆகியிருந்தது. ஜோகுபாளையத்து வீட்டில் பியூசி படிக்கும் மகள் ரேவதி தனியாக இருந்தாள். டிரைவர் தன் காக்கிச் சட்டையைக் கழற்றி இவருக்குப் போட்டுவிட்டு, சந்து சந்தாக ஓட்டி, வீட்டு வாசலில் இறக்கிவிட்டுத்தான் போனார். புத்திசாலிகளான நாங்கள் இரண்டு நாள் உப்பிட்டு என்கிற கேன்டீன் உப்புமாவைத் தின்றுகொண்டு ஸ்டோர்ஸில் படுத்துக் கிடந்தோம். அதற்குப் பிறகு மனிதர்களை நம்புவது பற்றி அவருக்கு உபதேசம் செய்ய எங்களுக்கு என்ன யோக்கியதை இருந்தது?

அவர் கதை சொன்னது அந்த பஸ்ஸில்தான். முதல் ஷிஃப்டுக்கான பஸ் ஜோகுபாளையம் முனைக்கு ஆறேகாலுக்கு வரும். தொழிற்சாலை கேட்டுக்குப் போய்ச்சேர முப்பத்தைந்து நிமிடம். அவரவருக்கு நிரந்தர இடம் உண்டு. இவருக்கு நடுவில், ஜன்னல் ஓரம். உட்கார்ந்ததும் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "எங்க வுட்டேன்?" என்பார். நாலைந்து பேர் எடுத்துக் கொடுப்பார்கள். ஒரு முழு இங்கிலீஷ் நாவல், தமிழில், தினம் முப்பத்தைந்து நிமிடம், இரண்டு மூன்று மாதத்துக்கு ஓடும்.

அவர் ஐடிஐ படித்தவர். அவருடைய அப்பா காக்ஸ் டவுன் பக்கம் ஒரு ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தின் தோட்டத்தில் வேலை செய்தவர். அந்தக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குப் போகும்போது இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய நாவல்களை விட்டுப்போயிற்று. அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக முட்டி மோதிக் கற்றுக்கொண்ட இங்கிலீஷ். 'நைஃப்' என்பதை 'கினைஃப்' என்றுதான் சொல்வார். அர்த்தம் மட்டும் தப்பாது.

பஸ்ஸில் மூன்று வழக்கங்கள் இருந்தன. ஒன்று, மறுநாள் பயணத்துக்கு எத்தனை பக்கம் வேண்டுமோ அத்தனைதான் அவர் படிப்பார், தாண்டிப் போகமாட்டார். அடுத்து என்ன என்பது எங்களைப் போலவே அவருக்கும் தெரியாது. இரண்டாவது, கதையில் 'நான்' என்று வந்தால் அவரும் 'நான்' என்றே சொல்வார். கப்பல் கேப்டனாக இருந்தாலும் ஜெயிலிலிருந்து தப்பியவனாக இருந்தாலும் அந்த முப்பத்தைந்து நிமிடம் அது அவர்தான். மூன்றாவது, அந்தப் புத்தகத்தை ஏற்கெனவே படித்தவன் யாராவது இருந்தால் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் பஸ் முழுவதுக்கும் மசால் வடை வாங்கித் தரவேண்டும். யாரும் வாங்கித் தர நேர்ந்ததில்லை, ஏனென்றால் எங்களில் யாரும் எதையும் படித்ததில்லை.

என்னைத் தவிர. நான் அப்போது தபால்வழியில் எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன். அதைப் பத்து பேருக்குத் தெரியும்படி படித்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாடப்புத்தகத்தை அட்டை தெரியத்தான் பிடித்திருப்பேன். அவர் என்னை "எம்மே" என்றே கூப்பிடுவார். அவர் கேலி செய்கிறாரா என்று நான் யோசித்ததுண்டு. கேலி இல்லை, நான் எம்.ஏ. படிக்கிறேன் என்று சொல்லியிருந்தேன், அவர் அதை மரியாதையோடு ஏற்றுக்கொண்டிருந்தார்.

தொண்ணூற்றாறு ஜனவரியில் டிரங்குப் பெட்டிச் சரக்கு தீர்ந்துவிட்டது என்று அவர் சொன்னபோது நான்தான் அந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவென்யூ ரோடு நடைபாதையில் வாங்கியது. அட்டை கிடையாது, எழுதியவர் பெயர் கிடையாது. ஒரு பேய்க்கதை என்று சொல்லலாம்; பேய் வீட்டில் இருக்கிறதா மண்டைக்குள் இருக்கிறதா என்று தெரியாத வகை. புதிதாகக் கல்யாணமான ஒரு பெண் சொல்வதாக வரும். கடலோரத்தில் கணவனின் பழைய வீடு. அவள் வைத்த பொருள் வைத்த இடத்தில் இருப்பதில்லை. கவிழ்த்து வைத்த கோப்பை நிமிர்ந்திருக்கிறது. மாடியறையில் கணவனின் அக்கா இருக்கிறாள், அவள்தான் இதெல்லாம் செய்கிறாள் என்கிறாள் இவள். அத்தியாயங்கள் முன்னும் பின்னுமாகக் கலைந்து கிடக்கும். ஒரே சம்பவத்தை மூன்று முறை சொல்வாள், மூன்றும் மூன்று விதம். நானே இரண்டு தடவை படித்து, பென்சிலால் கோடு போட்டுத்தான் பிடிபட்டது.

பஸ் திணறிப்போயிற்று. நரைத்த மீசையும் தடித்த கண்ணாடியுமாக அவர், "நான் கண்ணாலம் ஆயி அந்த வூட்டுக்குப் போறேன்" என்று ஆரம்பித்ததும் எழுந்த சிரிப்பு அடங்கவே ஒரு வாரம் ஆனது. அதற்குப் பிறகு குழப்பம்.

"இருங்க சார், நேத்து நாய் செத்துப்போச்சின்னு சொன்னீங்க."

"ஆமாப்பா. இன்னிக்கி அவ, நாய் வளத்ததே இல்லன்றா. நான் இன்னா பண்ணட்டும்? பேஜாரு புடிச்ச புக்கு குரு இது."

ஆனால் அவளை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. "பாவம், பயந்துகினு இருக்கா. பயத்துல இருக்கறவளுக்கு எது முன்ன எது பின்னன்னு தெரியுமா? நம்மளக் கேட்டா நம்மளும் அப்டித்தான் சொல்லுவோம்" என்றார். காயில் வைண்டிங் பிரிவில் வேலை செய்த ஒரு அக்கா, எப்போதும் முன் சீட்டில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டு வருபவர், திரும்பிப் பார்த்து, "கரெக்டா சொன்னீங்க சார்" என்றார். அவ்வளவு குழப்பத்திலும் அவர் சொன்னது எத்தனை நுட்பமான வாசிப்பு என்று இன்றைக்கு எனக்குத் தெரிகிறது. அன்றைக்கு எனக்கு அரிப்பெடுத்தது. தெரிந்த விடையை வாய்க்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனின் அரிப்பு.

ஒரு சனிக்கிழமை கேன்டீனில் அவரைத் தனியாகப் பிடித்தேன். "சார், அந்தப் பொண்ணு சொல்ற எதையும் நம்பாதீங்க. மாடியில நாத்தனாரும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. கோப்பைய எடுத்து வெக்கறது அவளேதான். நாயக் கொன்னதும் அவதான். புருஷன் பாவம், ஒண்ணுமே பண்ணல."

அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "பொய்யா சொல்றா?"

"பொய்யின்னு சொல்ல முடியாது. அவளப் பொறுத்தவரைக்கும் அது நிஜம். அவளுக்கே தெரியாது. அதான் சார் டெக்னிக்கே."

"அவளுக்கே தெரியாம பொய் சொல்றாளா?"

அவர் முகம் போன போக்கை மறக்க முடியாது. பொய் சொல்கிறவர்கள் உலகத்தில் உண்டு என்பது அவருக்குத் தெரியும். டூல் ரூம்காரனைப் போல, பொய்க்குள்ளும் ஒரு உண்மையான கண்ணீர் இருக்கும் என்று அவர்களை மன்னித்து வைத்திருந்தார். ஆனால் உண்மையாக அழுதுகொண்டு, உண்மையாகப் பயந்துகொண்டு, நடக்காததை ஒருத்தி சொல்லக்கூடும் என்பது அவருக்குப் புதிது. நான் விடவில்லை. அப்படிப்பட்டவளை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பாடமே எடுத்தேன். சொன்னதை மாற்றிச் சொல்வாள் சார். முன்னதும் பின்னதும் குழம்பும். யாரோ செய்கிறார்கள் என்பாள், பார்த்தாயா என்றால் பார்க்கவில்லை என்பாள். முக்கியமாக, எனக்குப் பைத்தியம் இல்லை என்று அவளாகவே சொல்வாள். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். வாழ்க்கையில் முதல் தடவையாக மனிதர்களை அளக்க ஒரு கருவி கிடைத்தது போல அவர் என்னைப் பார்த்தார். எனக்குப் பெருமையில் தலை கால் புரியவில்லை.

திங்கட்கிழமையிலிருந்து கதை சொல்லும் விதம் மாறிவிட்டது. முதல் தடவையாக அவர் 'நான்' என்பதை விட்டுவிட்டு 'அவ' என்றார். "அவ சொல்றா, கோப்பை தானா நிமிந்துக்குச்சாம்" என்று கண்ணடிப்பார். பஸ்ஸே ஒரு விளையாட்டில் இறங்கிவிட்டது. அவள் வாயைத் திறந்ததும், "புளுகு! புளுகு!" என்று பின்சீட்டிலிருந்து கத்துவார்கள். நன்றாகத்தான் இருந்தது. நானும் கத்தினேன். காயில் வைண்டிங் அக்கா மட்டும் பின்னுவதை நிறுத்தி, "இந்த புக்க எழுதனது யாரு? ஆம்பளயா?" என்று கேட்டார். அட்டை இல்லை, தெரியவில்லை என்றேன். "ஆம்பளயாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு நூல்கண்டை எடுத்துக்கொண்டு டிரைவர் பக்கத்து சீட்டுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் கதை கேட்கவில்லை.

இந்த விளையாட்டு நடந்துகொண்டிருந்த நாட்களில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரேவதி அப்பா வீட்டுக்கு வந்தாள். அவளுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை ஒரு மருந்துக் கம்பெனியின் ரெப். டை கட்டி, மெல்லிய குரலில், கேட்பவருக்குக் கோபமே வராதபடி பேசக்கூடியவர். ஜீவனஹள்ளியில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். கீழே வீட்டுக்காரம்மா.

மறுநாள் பஸ்ஸிலிருந்து இறங்கி கேட்டை நோக்கி நடக்கும்போது அவர் என் தோளைத் தொட்டு நிறுத்தினார்.

"எம்மே, பேஜாரா இருக்குதுப்பா. ரேவதி வந்திருந்தா. வெச்ச எடத்துல ஒண்ணும் இருக்க மாட்டேங்குதாம். வாசல் சாவி காணோம், மெட்டி காணோம், ஸ்பூனு காணோம். காஸ நிறுத்திட்டு வந்தா அது தொறந்து கெடக்குதாம். அவருதான் பண்றாருன்றா. நீ பாத்தியாமான்னு கேட்டா, பாக்கலன்றா. மொதல்ல சாவி போச்சின்றா, அப்பறம் மெட்டிதான் மொதல்லன்றா. போறப்ப, நான் பைத்தியம் இல்லப்பா, அப்டின்னு சொல்றா. நானா கேட்டேன்? அவளா சொல்றா."

"மாப்பிள்ளை என்ன சொல்றார்?"

"சாயங்காலம் அவரே வந்தாரு. ஒரு வார்த்த கொற சொல்லல தெரியுமா. மறதி ஜாஸ்தியா இருக்குது மாமா, எனக்குப் பயமா இருக்குது, அப்டின்னு கண்ணு கலங்கறாரு."

நான் என்ன சொன்னேன் என்பதை இத்தனை வருடத்தில் பலவிதமாக நினைவுபடுத்திப் பார்த்துவிட்டேன். மாற்றிச் சொல்ல ஆசைதான். சொன்னது இதுதான்: "புக்குல வர்ற மாதிரியே இருக்கே சார்."

சாமர்த்தியமாகப் பேசிவிட்டதாக நினைத்துச் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "நானும் அதாம்பா நெனச்சேன்" என்றார்.

அவளுக்குப் புத்தி சொல்லி அனுப்பியிருந்தார். மூன்று வாரம் கழித்து அவள் ஜீவனஹள்ளியிலிருந்து உச்சி வெயிலில் நடந்தே ஜோகுபாளையம் வந்துவிட்டாள். கையில் ஒரு நோட்டுப் புத்தகம். எந்தப் பொருளை எந்த நேரத்தில் எங்கே வைத்தாள் என்று எழுதி வைத்திருந்தாள். நோட்டைப் பார்த்ததும் அவருக்குப் புத்தகம்தான் ஞாபகம் வந்ததாம். கடலோரத்து வீட்டுக்காரியும் அப்படி ஒரு நோட்டு வைத்திருந்தாள். ரேவதி அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்பா, ஒரே ஒரு வாரம் எங்கூட வந்து இருப்பா. நீயே பாரு. அப்பறம் நீ இன்னா சொன்னாலும் நான் கேக்கறேன்."

போகலாமா என்று அவர் என்னிடம் கேட்டார். இருபத்தாறு வயது, கல்யாணமாகாதவன், ஒரு பெண்ணோடு பத்து வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியிராதவன். அவனிடம் கேட்டார். நாவலில் அவளுடைய தம்பி வந்து தங்குவான்; அதற்குப் பிறகுதான் அவள் முற்றிலும் கெட்டுப்போவாள். நான் அதைச் சொன்னேன். "நீங்க போனா அவ கற்பனைக்கு நீங்களே சாட்சி கையெழுத்துப் போட்ட மாதிரி ஆயிடும் சார்."

அவர் போகவில்லை. ஒரு பின்னை மூன்று இடத்தில் பிடித்துப் பார்ப்பவர், மகளின் வீட்டில் ஒரு வாரம் உட்கார்ந்து பார்க்கவில்லை. ஆட்டோ வைத்துக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். ஆட்டோ திரும்பும்போது அவள் மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள் என்றும், அழவில்லை என்றும் சொன்னார். அழாதது நல்ல அறிகுறி என்று நான் சொன்னேன். என் வாயில் எறும்பு புற்று வைத்திருக்கக் கூடாதா?

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஒரு நாள் காஸ் திறந்திருந்து திரைச்சீலை பற்றிக்கொண்டது. மாப்பிள்ளைக்குத் தெரிந்த டாக்டர் ஒருவரின் நர்சிங் ஹோமில் சேர்த்தார்கள். வீட்டார் சொல்வதை வைத்துத்தானே டாக்டரும் எழுதுவார்? புருஷன் சொன்னதையே அப்பாவும் சொன்னார். சம்மதக் கையெழுத்தும் போட்டார். மாத்திரையில் அவளுக்கு நாக்கு தடித்தது, கை நடுங்கியது. நடுங்கிய கையால் உண்மையிலேயே பொருட்களைத் தவறவிட ஆரம்பித்தாள். ஆறு மாதம் கழித்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. சித்தசுவாதீனமில்லாத மனைவியோடு வாழ முடியாது, விவாகரத்து வேண்டும் என்று. நோட்டீஸ் வந்த அதே வாரம் ரேவதியும் ஒரு சூட்கேஸோடு ஜோகுபாளையத்துக்கு வந்து சேர்ந்தாள். மாப்பிள்ளைக்கு வேறொரு இடத்தில் ஏற்கெனவே பேச்சு நடக்கிறது என்பதும் காதுக்கு வந்தது.

அப்போதுகூட அவர் மாப்பிள்ளையைத் திட்டவில்லை. "அவரும் எத்தினி நாள் தாங்குவாரு" என்றார்.

தொண்ணூற்றேழு ஏப்ரலில் ஜீவனஹள்ளி வீட்டுக்காரம்மா சம்ப்பைச் சுத்தம் செய்தார். பெங்களூரில் வீட்டுக்கு வீடு வாசலில் தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி அது. கோடையில் தண்ணீர் வற்றும்போது ஆள் இறங்கி சேற்றை வாரிப் போடுவான். சேற்றோடு வந்தவை: வாசல் சாவி இரண்டு, பீரோ சாவி, ஒற்றை மெட்டி, ஒரு கம்மல், ஏழெட்டு எவர்சில்வர் ஸ்பூன்கள், ஒரு அலாரம் கடிகாரம். வீட்டுக்காரம்மாவுக்கு உடனே விளங்கிவிட்டது. மாடி வீட்டு ஆள் காலையில் வேலைக்குப் போகும்போது சம்ப் மூடியைத் தூக்கிக் கையை உள்ளே நீட்டுவதை அவர் பலமுறை பார்த்திருக்கிறார். கேட்டதற்கு, தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறேன் என்று சொல்வானாம். எல்லாவற்றையும் கழுவி ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு, விலாசம் விசாரித்து, அந்த அம்மாள் ஜோகுபாளையத்துக்கே வந்துவிட்டார். "உங்க பொண்ணு நல்ல பொண்ணு சார். நான்தான் அன்னிக்கே வாயத் தொறக்காம போய்ட்டேன்" என்று அழுதாராம்.

அதுவரை நான் வாங்கிக் கொடுத்த புத்தகங்களை வைத்துச் சொல்லிவந்தவர், அதற்குப் பிறகு பஸ்ஸில் கதை சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கொஞ்ச நாள் "எங்க வுட்டீங்க சார்?" என்று கேட்டுப் பார்த்தார்கள், பிறகு யாரோ ஒரு டேப் ரிக்கார்டர் கொண்டுவந்தார்கள். இன்ஸ்பெக்‌ஷனில் அவர் பாஸ் செய்த சரக்கு முதன்முறையாக வெளியிலிருந்து திரும்பி வந்தது. இரண்டாயிரத்து இரண்டில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பின் இரண்டொரு தடவை அல்சூர் மார்க்கெட்டில் பார்த்திருக்கிறேன், ஒரு தடவை கண்டும் காணாமல் திரும்பியும் நடந்திருக்கிறேன். ஆனால் என்னை விடாமல் பிடித்து உலுக்குவது அந்த ஏப்ரல் மாதத்து ஞாயிற்றுக்கிழமைதான்.

அவர்தான் கூப்பிட்டனுப்பியிருந்தார். "நீ படிச்சவன். நான் சொன்னா எனுக்கு அழுக வந்துடும். நீ அவளுக்குப் பதமா எடுத்துச் சொல்லு, எம்மே" என்றார். என்மேல் அப்போதும் அவருக்குக் கோபம் இல்லை. ஒரு அறை விட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

முன்னறையில் தரையில் செய்தித்தாள் விரித்து எல்லாவற்றையும் பரப்பி வைத்திருந்தார். ரேவதி வந்து உட்கார்ந்தாள். இருபத்துமூன்று வயதுதான். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். என்னைப் பார்த்து, "வாங்கண்ணா, காபி குடுத்தேனா?" என்றாள். இன்னும் கொடுக்கவில்லை; குடித்தாயிற்று என்று சொல்லிவிட்டேன். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவளிடம் இனி அப்படி ஒரு சின்னப் பொய்கூடச் சொல்லக் கூடாதே என்று தோன்றியது. தோன்றி என்ன செய்ய?

சொன்னேன். பரீட்சைக்குப் படிப்பது போல நாலு முறை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போயிருந்தேன். இவை எதையும் நீ தொலைக்கவில்லை, அவன்தான் சம்ப்பில் போட்டான், உனக்கு மறதி என்று எல்லோரையும் நம்பவைப்பதற்காகச் செய்தான், நீ முதல் நாள் வந்து சொன்னது அத்தனையும் நிஜம், நாங்கள்தான் கேட்கவில்லை. கடைசி வாக்கியத்தை மெட்டியைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். கறுத்துப்போன மெட்டியை விரலில் போட்டுப் பார்த்துவிட்டுக் கழற்றினாள்.

"நான்தான் போட்டிருப்பேண்ணா" என்றாள். "ஞாபகம் இல்ல. ஆனா நான்தான் போட்டிருப்பேன்."

"இல்லம்மா!" அவர் பக்கத்திலிருந்து பதறினார். "வீட்டுக்காரம்மா கண்ணால பாத்திருக்காங்கம்மா. அவன் மூடியத் தூக்கிக் கைய வுடறத. அவங்களே இங்க வந்து சொன்னாங்க. நீ ஒண்ணுமே பண்ணலம்மா. நீதான் கரெக்டு. நாந்தான் பாவி."

அன்றைக்கு முதல் தடவையாக அவள் சிரித்தாள். குழந்தையைத் தட்டிக்கொடுப்பதுபோல அவர் முழங்காலில் தட்டினாள்.

"அப்பா, நீ யாரு இன்னா சொன்னாலும் நம்பிடுவேப்பா."

சொல்லிவிட்டு எழுந்து அலமாரியிலிருந்து மாத்திரைப் பெட்டியை எடுத்தாள். மதியத்து மாத்திரையைப் போட்டுக்கொண்டேனா என்று கேட்டாள். போட்டுக்கொண்டாய், அரைமணி நேரம்தான் ஆயிற்று, என் கையால்தான் கொடுத்தேன் என்றார் அவர். அவள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு இன்னொன்றைப் பிரித்தாள். அவர் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"நான் சொல்றேன் இல்லம்மா. நான் பாத்தேம்மா."

அவள் கோபப்படவில்லை. அவர் விரல்களை மெல்ல விலக்கிவிட்டு, சமையலறைக்குத் தண்ணீர் எடுக்கப் போனாள்.